கண்ணை மூடிக்கொண்ட சாட்சி

இதைப் படிக்கும் மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

சட்டமன்றத் தேர்தல் ஒன்றில் என் தாயார் வாக்களித்த நாளைப் பற்றித் தங்களுக்கு எழுதத் துணிகிறேன். அப்போது எனக்கு ஏழு வயது. எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, பண்ணை வயல்களுக்கு நடுவே இருந்தது. சென்னையில் ஏழைகளின் ஆட்சி வந்துவிட்டதென்று ஒலிபெருக்கி கட்டிய கார்கள் ஊர் ஊராகச் சொல்லிச் சென்றன. எங்கள் தெருவுக்கு அந்தச் செய்தி காதுவரை வந்தது, வயல்வரை வரவில்லை. குடிசை நின்ற மனையும் பண்ணையாருடையது, குடிநீர் எடுத்த குளமும் பண்ணையாருடையது.

அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதற்காக, அடுத்தவர் கதிரை அறுத்தார் என்று வழக்குப் போட்டு என் தகப்பனாரைச் சிறையில் அடைத்திருந்தார்கள். அந்த வழக்கில் அப்பாவுக்காக வாதாடிய வக்கீலே தேர்தலில் குடைச் சின்னத்தில் நின்றார். பண்ணையாரின் மைத்துனர் தராசுச் சின்னத்தில் நின்றார். சிறைக் கம்பிக்கு இப்பால் நின்று, “குடைக்குத்தான் போடுவேன், நீங்க கவலப்படாதீங்க” என்று அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தாள். அப்போது நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பண்ணையாருக்காக வயலையும் ஆட்களையும் மேற்பார்க்க ஒரு காரியக்காரர் இருந்தார். களத்து மேட்டில் நெல் குறைந்தால் அவர் பெரியவர்களை விசாரிப்பதில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டு, “நேத்து வீட்டுல என்ன ஆக்குனாங்க?” என்று அன்பாகக் கேட்பார். பிள்ளைகள் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். முந்தைய தேர்தலிலும் இந்த முறையையே கையாண்டார். என் சின்னம்மாவின் மகன், தாயோடு வாக்குச்சாவடிக்குள் போய்க் கண்டதைக் கமர்கட்டுக்காகச் சொல்லிவிட்டான். மறுநாள் காலை அவர்கள் குடிசைக் கூரை வாய்க்காலில் மிதந்தது. அவர்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வேலைக்குப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் தெருத் தாய்மார்கள் தாம் பெற்ற பிள்ளைகளுக்கே அஞ்சத் தொடங்கினார்கள்.

வாக்குப்பதிவு நாளன்று பள்ளிக்கூட வாசலுக்குச் சற்றுத் தள்ளிப் புளியமரத்தடியில் காரியக்காரர் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். பெண்கள் அவரைக் கடந்துதான் வரிசைக்குப் போக வேண்டும்.

“புள்ளைய விட்டுட்டுப் போவாத. உள்ள கூட்டிக்கிட்டுப் போ” என்றார் ஒவ்வொருத்தியிடமும்.

எங்கள் அத்தைக்குப் பிள்ளை இல்லை. வாய் மட்டும் உண்டு. “எனக்குப் பொறக்கலீங்க ஆண்டே. பண்ணையில உபரியா ஒண்ணு இருந்தா குடுங்க, இடுப்புல வச்சிக்கிட்டுப் போறேன்” என்றாள்.

வரிசையில் இருந்தவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். காரியக்காரரும் சிரித்தார். “ஒன் வாய்க்கு ஒரு நாளு இருக்குடி” என்றார். அம்மா சிரிக்கவில்லை. அவள் பிடியில் என் விரல்கள் நோகத் தொடங்கின.

உள்ளே ஓர் அதிகாரி அம்மாவின் விரலில் மை வைத்து, தாளையும் முத்திரைக் கட்டையையும் கொடுத்தார். “பாப்பா இங்க நிக்கட்டுமேம்மா” என்று நல்லெண்ணத்தோடு சொன்னார். அம்மா சன்னல் வழியே புளியமரத்தைப் பார்த்தாள். “வேணாங்க, என்கூடவே வரட்டுங்க” என்றாள்.

சாக்குப் படுதாவுக்குப் பின்னால் ஒரு மேசை. அதன் விளிம்பு என் மோவாயளவு இருந்தது. அம்மா தாளை விரித்தாள். தராசு கீழிருந்து இரண்டாவதாக இருந்தது. குடை எல்லாவற்றுக்கும் மேலே. சின்னம்மாவின் கூரை மிதந்துபோனது எனக்கு நினைவுக்கு வந்தது. பார்த்தால்தானே சொல்ல நேரும்! கண்களை இறுக மூடி, போதாதென்று அவற்றின்மேல் இரு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய மூச்சுச் சத்தம் கேட்டது. நெடுநேரம் வேறெதுவும் கேட்கவில்லை. பிறகு முத்திரை ஒரே ஒரு முறை விழுந்தது. தாளை மடிக்கும் ஓசை கேட்ட பின்னரே கண்களைத் திறந்தேன்.

வெளியே காரியக்காரர் என் உள்ளங்கையில் ஒரு கமர்கட்டை வைத்தார்.

“எதுல குத்துனா ஒங்கம்மா?”

“தராசுல, ஆண்டே.”

“பொய் சொல்லாத. தராசு எங்க இருந்துச்சு?”

“கீழேருந்து ரெண்டாவது” என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து மாதிரித் தாளை எடுத்து எண்ணிப் பார்த்தார். “போ புள்ள, ஒங் குடிசைக்கு ஒண்ணும் வராது” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா கும்பிட்டுவிட்டு நடந்தாள்.

வாய்க்கால் கரையில் பாதி தூரம் வந்துவிட்டோம். எனக்கோ பெருமை தாங்கவில்லை. ஒருவரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, “அம்மா, நான் பாக்கவே இல்ல. கண்ண மூடிக்கிட்டேன். அவருகிட்ட சும்மா சொன்னேன்” என்றேன்.

அம்மா நின்றாள். “எப்ப மூடுன?”

“நீ குத்துறதுக்கு முன்னாடியே.”

அவள் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடி? எங்காதுல ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?” என்று, முத்திரை பிடித்த கையை மண்ணில் அறைந்து அறைந்து அழுதாள். என் பொய் வெளியாகிவிடுமென்று அஞ்சுகிறாள் என எண்ணி, அவள் தோளைத் தடவி, “யாருக்கும் தெரியாதும்மா” என்று தேற்றினேன். அவள் இன்னும் அதிகமாக அழுதாள்.

குடை தோற்றது. அப்பா வெளியே வர மேலும் இரண்டு அறுவடைகள் ஆயின. அவர் வந்து, குடைக்குப் போட்டாயா என்று கேட்டபோது, அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, “போட்டேன்” என்று மட்டும் சொன்னாள்.

நான் காரியக்காரரிடம் சொன்னது பொய்யே அல்ல என்பது வளர்ந்த பிறகே எனக்குப் புரிந்தது. என் கண்களுக்கு அஞ்சி அம்மா தராசில்தான் குத்தியிருந்தாள். அவளைக் காப்பாற்றிவிட்டதாக நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவளுடைய வாக்கு எந்தக் கணக்கில் சேர்ந்ததென்பது அரசாங்கத்திடம் இருக்கும். அவள் அதை யாருக்குப் போட நினைத்தாள் என்பது இந்தக் கடிதத் தாளில் மட்டுமே இருக்கிறது. அருள்கூர்ந்து இதைக் கிழிக்காமல் வைத்திருங்கள்.