பெயரை மூடிய கை

தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோ நூலகமொன்றில் மாலை வேலை பார்த்தேன். அங்கே இணையம் இருந்த ஒரே கணினியைப் பல்லுக்குக் கம்பி கட்டிய ஒரு பள்ளிக்கூடப் பெண் பிடித்து வைத்திருப்பாள். வரிசையில் நிற்கும் அங்கிள்மார் இருமினாலும் எழும்பமாட்டாள். அவளும் தோழிகளும் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு சஞ்சிகை நடத்தினார்கள். எங்கெங்கோ இருந்த பிள்ளைகள் கணினி வழியே அதற்கு எழுதினார்கள். யாராவது கிட்டப் போனால், எழுதியவளின் பெயரை உள்ளங்கையால் மூடிவிடுவாள். இந்த வயதில் இத்தனை பேரின் ரகசியத்தைக் காக்கிறாளே என்று வியப்பேன்.

ஒருநாள் திரையில் ஒரு கேள்வி: "வீட்டில் எல்லாருக்கும் நான்தான் மொழிபெயர்க்கிறேன். எனக்குக் களைப்பு என்று யாரிடம் சொல்வது?"

"பதின்மூண்டு வயசிலை எனக்கும் சொல்ல ஒருத்தரும் இருக்கேல்லை," என்றேன்.

"இதிலை பெரியாக்கள் எழுதேலாது, அன்ரி. அது எங்கட ரூல்." சற்று யோசித்துவிட்டுக் கதிரையை விட்டு எழும்பினாள். "ஆனா அந்தப் பதின்மூண்டு வயசுப் பிள்ளை எழுதலாம்."

அம்மா இறந்த அந்தப் பதின்மூன்றாம் வயதில் யாருக்கும் சொல்லாததை எழுதினேன். பழக்கதோஷத்தில் கீழே பெயரையும் போட்டுவிட்டேன். அந்நேரம் மேலாளர் எங்கள் பக்கம் வந்தார். நான் நிமிர்வதற்குள், அந்தச் சின்னக் கை என் பெயரின் மேல் இருந்தது.