மடியில் வந்த மல்லாட்டை மூட்டை

போன வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரம் என் வீட்டுக்காரருக்குப் பேச்சு நின்றுபோனது. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாய் கோணி அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கவாதம். நடை சீக்கிரம் திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. திண்டிவனம் - விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். நாளெல்லாம் கத்துவதுதான் வேலை. வீட்டிலும் அதே சத்தம். "கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அதற்கப்புறம் வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூடத் திடுக்கிடுவேன்.

டாக்டர், "பேச்சுப் பயிற்சி குடுங்கம்மா. ஆனா ரொம்ப எதிர்பார்க்காதீங்க" என்றார்.

நான் சபையில் எழுந்து நின்று அழுது சாட்சி சொல்கிறவள் இல்லை. இந்த எஸ்தருக்குக் கல்நெஞ்சு என்று அங்கே சிலர் சொல்வது என் காதுக்கும் வந்திருக்கிறது. ஆனால் அன்று பயந்தேன். பேசாத மனுஷனோடு மிச்ச காலத்தை எப்படி ஓட்டுவது? "ஆண்டவரே, ஒரே ஒரு வார்த்தை கொடும்" என்று கேட்டேன்.

பயிற்சிக்கு வாரா வாரம் விழுப்புரம் போனோம். பஸ் ஏறியதும் முக்காடு போட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். ஜெபத்தில் கண் திறந்தால் எங்கள் அம்மா தொடையில் கிள்ளுவார்கள், அந்தப் பயம் அதுவரை போகவில்லை. திண்டிவனத்தில் மூடிய கண்ணை விழுப்புரத்தில்தான் திறப்பேன். மாதக்கணக்கில் இப்படியே போனது. கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துவிட்டது.

ஐப்பசியில் ஒரு நாள் பஸ்ஸில் நல்ல கூட்டம். நின்றுகொண்டிருந்த ஒரு அம்மா மல்லாட்டை மூட்டையை என் மடியில் வைத்து, "கொஞ்சம் புடிச்சிக்கினு இரும்மா, கொட்டிடப் போவுது" என்றாள். மூட்டையின் வாயைச் சரியாகக் கட்டவில்லை. கண்ணை மூடினால் கடலை முழுக்கத் தரையில்தான். ஜெபத்தைக் கெடுக்க வந்ததே என்று எரிச்சலோடு விழித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கூட்டேரிப்பட்டு வரும் முன் தற்செயலாக அவரைப் பார்த்தேன். உதடு அசைந்தது. சத்தம் இல்லை. விக்கிரவாண்டிக்கு முன்னும் அசைந்தது. முண்டியம்பாக்கத்துக்கு முன்னும். ஒவ்வொரு ஸ்டாப்பையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். எத்தனை வாரமாகவோ! பக்கத்தில் உட்கார்ந்து நான் கண்ணை மூடி அதற்காகவே மன்றாடியிருக்கிறேன். மூட்டையைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

"இன்னாம்மா, அவ்ளோ கனமாவா இருக்குது?" என்றாள் அந்த அம்மா.

அன்றிலிருந்து பஸ்ஸில் கண் திறந்தே ஜெபித்தேன். அவர் உதட்டைப் பார்த்து நானும் ஊர்ப்பெயரைச் சொல்வேன். பயிற்சி கொடுக்கும் பெண்ணும் அதையே பிடித்துக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள், விக்கிரவாண்டியில் இரண்டு பேர் படியில் தொங்கினார்கள். என் பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "உள்ள ஏறு! படியில நிக்காத!"

அவரேதான். இரண்டு பேரும் மறுபேச்சில்லாமல் உள்ளே போனார்கள். நான் கேட்டது ஒரு வார்த்தை, கிடைத்தது முழு அதட்டல். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

முழுசாகக் குணமாகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன், அது பொய்ச்சாட்சி ஆகிவிடும். ஆனால் இப்போது பால் காய்ச்சும்போதும் துணி உலர்த்தும்போதும்கூட என் கண் சும்மா இருப்பதில்லை. எதில் பதில் வந்து நிற்கிறதோ, யாருக்குத் தெரியும்? நீங்களும் நம்பிக் கேளுங்கள். ஆமென் சொன்ன கையோடு கண்ணைத் திறந்து பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள்.

என் பெயர் இன்னும் அவர் வாயில் வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும், சும்மா நான் பக்கத்தில் இருக்க வேண்டுமென்றாலும், "விக்கிரவாண்டி!" என்று கூப்பிடுகிறார்.

"தோ, வந்துட்டேங்க" என்று போகிறேன்.