தட்டுக்கு மேற்கே டம்ளர்

ஆந்திராவில் விஜயபுரம் மண்டலத்தில், தமிழ் பேசும் எங்கள் ஊர் அங்கன்வாடியில் நான் இருபத்திரண்டு வருஷம் ஆயாவாக இருந்தேன். சமைப்பது, பெருக்குவது, பிள்ளைகளை அழைத்து வருவது என் வேலை. ஒரு வருஷம் டீச்சர் பிரசவ லீவில் போனதால் பாடமும் என் தலையில் விழுந்தது. நான் படித்தது இரண்டாவது வரைக்கும்தான். ஆனாலும் மேலே, கீழே, உள்ளே, வெளியே எல்லாவற்றையும் முட்டையையும் கூடையையும் வைத்தே பதினாறு பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

அப்போதுதான் திருப்பதியிலிருந்து சூப்பர்வைசர் மேடம் வந்தார். ஒவ்வொரு பிள்ளையையும் சோதித்து ஒரு ஃபாரம் எழுத வேண்டுமாம். முதலில் காவ்யாவைக் கூப்பிட்டார். நாலு வயசு, அதிகம் பேசாத பிள்ளை. கடலைக் கொல்லையில் கூலிக்குப் போகும் அவள் அம்மா செல்வி வாசலில் நின்றிருந்தாள்.

மேடம் ஒரு தட்டை வைத்து, டம்ளரைக் கையில் கொடுத்தார். "இத தட்டுக்கு எடது பக்கம் வைம்மா."

காவ்யா அசையவில்லை.

"சரி, வலது பக்கம்?"

அதற்கும் அப்படியே நின்றாள். மேடம் பேனாவைத் திறந்தார். "வளர்ச்சி கம்மின்னு எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

"நல்லாத்தான் கீது மேடம்! வூட்ல சொன்ன வேல அத்தினியும் செய்யுது!" செல்விக்கு அழுகை வந்துவிட்டது.

எனக்கும் பொறுக்கவில்லை. "கொஞ்சம் இருங்க மேடம், நான் ஒரு வாட்டி கேக்கறேன். தப்பா செஞ்சா அப்பால எழுதுங்க. கண்ணு, டம்ளர தட்டுக்கு மேக்கால வை."

வைத்தாள்.

"வடக்கால?"

மாற்றி வைத்தாள்.

மேடம் நம்பவில்லை. பிள்ளையை எதிர்ப்பக்கம் திருப்பி நிறுத்திக் கேட்டார். சரியாக வைத்தாள். சன்னல் இல்லாத சமையல் அறைக்குக் கூட்டிப்போய்க் கேட்டார். அங்கேயும் சரி.

"இந்த ரூமுக்குள்ள எது மேற்குன்னு எனக்கே தெரியலையே ஆயா!"

"நீ மேக்காலதான் பாத்துகினு கீற," என்றாள் காவ்யா.

"நீங்கன்னு சொல்லுடி!" என்று செல்வி அழுகைக்கு நடுவில் அதட்டினாள். மேடம் சிரித்துவிட்டார்.

எங்கள் ஊரில் பாயில் படுத்திருப்பவரைக்கூடக் கெழக்கால நவுரு என்றுதான் சொல்லுவோம். இடது வலது யார் வாயிலும் வராது. நானும் அந்தப் பழக்கத்தில் அதைச் சொல்லிக் கொடுக்காமலே விட்டுவிட்டேன்.

"புள்ள மேல தப்பு இல்ல மேடம், என்னுது," என்றேன்.

மேடம் என்மேல் புகார் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. காவ்யாவின் ஃபாரத்தில் 'திசை நன்றாகத் தெரிகிறது, இடது வலது இனிமேல் பழக வேண்டும்' என்று எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். பிறகு எழுந்து வந்து எனக்கே பாடம் நடத்தினார்.

"புள்ளைங்களப் பாத்து நின்னு கைய தூக்கினா, உன் எடது அவங்களுக்கு வலதாத் தெரியும் ஆயா. முதுகக் காட்டி நின்னு சொல்லு."

அப்படியே செய்தேன். டீச்சர் திரும்பி வருவதற்குள் பதினாறு பேருக்கும் இடது, வலது வந்துவிட்டது. அந்த மேடத்தை நினைத்தால் இன்றைக்கும் என் கை தானாகக் குவிகிறது.

புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு பிள்ளைக்குத் தெரியவில்லை என்று எழுதுவதற்கு முன்னால், அதற்கு என்ன தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.