சுடாத செங்கட்டி

அண்ணைக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சீனி வருத்தம், நீரிழிவு. பனைமட்டைக் கருக்கு கீறிய சின்னக் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர். முதலில் ஒரு விரல் என்றார்கள், பிறகு பாதம் என்றார்கள், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கும் அதே வருத்தம்தான். குளிசை போடுகிறேன், போட மறந்தும் போகிறேன். ஆனால் என் பாதத்தைப் பற்றி எந்த டாக்டரிடமும் நான் வாய் திறந்ததில்லை. காட்டினால் வெட்டிவிடுவார்கள் என்ற பயம். அது முட்டாள்தனமான பயம் என்று எனக்குப் புத்தி சொல்ல வருகிறவர்கள், முதலில் அண்ணை வீட்டு வாசலில் ஒற்றைச் செருப்புக் கிடப்பதைப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

எங்கள் உடுவில் பக்கம் செம்பாட்டு மண். வெங்காயத் தோட்டத்துக்குள் செருப்போடு இறங்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. விளைகிற மண்ணைச் செருப்புக் காலால் மிதிக்க மனம் வராது. இறைப்பு நேரம் ஈரத்தில் நின்று, பிறகு வெயிலில் காய்ந்து, குதிக்கால் பாளம் பாளமாக வெடித்துவிடும். வெடிப்புக்குள் மண் ஏறினால் எந்தச் சவுக்காரத்துக்கும் அசையாது. சுற்றிவர உள்ள தோல் வேறு தடித்து மரமாகிவிடும். கலியாண வீட்டுக்குப் போனால் பந்தியில் என்ன கறி என்று பார்ப்பதை விட்டுவிட்டுச் சேலைக் கரையால் காலை மூடிக்கொண்டு இருப்பேன்.

டாக்டரிடம் போகாதவளுக்கு ஊரே டாக்டர். பக்கத்து வீட்டுக்காரி சுடுதண்ணீரில் உப்பைப் போட்டுக் காலை ஊறவிட்டு, தேங்காய்ப் பொச்சால் உரஞ்சச் சொன்னாள். கோயிலில் கண்ட ஒருத்தி மெழுகுதிரியைத் தேங்காயெண்ணெயில் உருக்கி வெடிப்புக்குள் வார்க்கச் சொன்னாள். அண்ணையின் மனைவி வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துக் கொடுத்துவிட்டா. எதையும் நான் விடவில்லை. பப்பாசிப் பாலும் பூசினேன். தடித்த தோலைச் சவரப் பிளேட்டால் சீவியும் பார்த்தேன். என் கணவருக்கு எல்லாம் பகிடி.

"உம்மடை காலுக்குப் பூசிறதைக் கறிக்குப் போட்டால் நானும் ருசியாச் சாப்பிடுவன்," என்பார்.

பிறகு ஒரு மாரி கழிய, வலி நின்றுவிட்டது. வெடிப்பு அப்படியேதான் இருந்தது, நோவு மட்டும் இல்லை. முன்பு உரத்தண்ணீர் பட்டால் பல்லைக் கடிப்பேன், இப்போது ஒன்றுமே தெரியவில்லை. எனக்குப் பிடிபடாத சந்தோஷம். மஞ்சளும் வேப்பெண்ணெயும்தான் மாற்றியது என்று அயல் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். கேட்டவர்களுக்கு எண்ணெயைப் போத்தலில் விட்டும் கொடுத்தேன்.

மிச்சம் இருந்தது குதிக்கால் தடிப்பு மட்டும்தான். அதற்குச் செங்கட்டி வைத்தியம் என்று முடிவு கட்டினேன். வீடு கட்டுகிற செங்கட்டியை அடுப்பில் போட்டுச் சூடாக்கி, மேலே எருக்கலை இலையை விரித்து, குதிக்காலால் அழுத்தி மிதிக்கவேண்டும். இது எங்கள் பக்கத்தில் எல்லாரும் குதிவாதத்துக்குச் செய்வதுதான். தடிப்பும் இளகும் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்த பிறகு குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். கணவர் குறட்டால் செங்கட்டியைத் தூக்கி வந்து இலை போட்டு வைத்தார். மிதித்தேன்.

"உது சூடே இல்லை. வடிவாச் சூடாக்கிக் கொண்டுவாங்கோ," என்றேன்.

அவர் முணுமுணுத்துக்கொண்டு திரும்பக் கொண்டுபோய்ச் சூடாக்கி வந்தார். மிதித்தேன். முழங்கால் பக்கம் ஏதோ வெதுவெதுப்பு ஏறியது போலிருந்தது. பாதத்தில் ஒன்றும் இல்லை.

"இன்னும் காணாது. அடுப்பை நல்லா எரிய விடுங்கோவன், விறகுக்கே பஞ்சம்?"

"உமக்கென்ன விசரே? இலை கருகுது," என்றவர், செங்கட்டியின் ஓரத்தை விரலால் தொட்டார். தொட்ட மாத்திரத்தில் "அம்மா!" என்று கையை உதறினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் காலை அதன் மேலேயே ஊன்றி, இன்னும் சூடு வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"எடும்! காலை எடும்!"

அவரே என் காலைப் பிடித்து இழுத்தார். இலையோடு சேர்ந்து தோலும் ஒரு துண்டு ஒட்டி வந்தது. கருகிய வாசம் இலையினுடையது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நோகவில்லையே, ஏன் நோகவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். கத்தி அழுகிற அளவுக்கு நோகவேண்டும் என்று அன்றைக்குத்தான் கடவுளிடம் கேட்டேன். பாதத்தை நுள்ளினேன், நகத்தால் கீறினேன். வேறு யாருடையதோ காலை மடியில் வைத்திருந்தது போலிருந்தது.

"தோல் தடிச்சுப் போச்சு, அதுதான் தெரியேல்லை," என்று அவருக்குச் சொன்னேன். அவர் பகிடி விடவில்லை. காலைத் துணியால் சுற்றி, என்னை ஓட்டோவில் ஏற்றினார்.

"வெட்டிப்போடுவினம், வேண்டாம், வீட்டை போவம்," என்று வழிநெடுக அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அண்ணையையும் இதே வழியால்தான் கொண்டுபோனார்கள்.

டாக்டர் இளம் பெண். புண்ணைக் கழுவி மருந்து கட்டிவிட்டு, சீனி வருத்தக்காரருக்குப் பாதம் மரத்துப்போகும், உணர்வு எவ்வளவு இருக்கிறதென்று பார்க்கவேண்டும் என்றார். தூண்டில் நூல் போன்ற ஒன்றை எடுத்து முதலில் என் புறங்கையில் தொட்டுக் காட்டினார். கூசியது.

"இனிக் கண்ணை மூடிக்கொள்ளுங்கோ அம்மா. உதாலை ரெண்டு பாதத்திலையும் தொடுவன். தொடுறது தெரிஞ்சால் ஓம் எண்டு சொல்லுங்கோ."

மூடினேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: ஓம் சொல்லாமல் இருந்தால் கால் போய்விடும். காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். அவர் சட்டை உரசும் சத்தம் கால்மாட்டுப் பக்கம் கேட்டது. தொட்டிருப்பார்.

"ஓம்," என்றேன்.

கொஞ்சம் பொறுத்து, அடுத்த இடத்துக்குப் போயிருப்பார் என்று நினைத்து மறுபடி சொன்னேன். "ஓம். ஓம், நல்லாத் தெரியுது."

பக்கத்தில் நின்ற என் கணவரின் மூச்சுச் சத்தம் மாறியது. டாக்டர் மிக மெதுவாகக் கதைத்தார்.

"அம்மா, நான் இன்னும் தொடவே தொடங்கேல்லை."

கண்ணைத் திறக்க எனக்குப் பயமாக இருந்தது.