இருபத்திரண்டு கிலோ

குவைத்தில் ஆறு வருடம் வீட்டுவேலை செய்துவிட்டுப் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பினேன். "நல்லா உடம்பு வச்சிட்ட" என்று எங்கள் லயத்து வீடுகளில் எல்லோரும் மெச்சினார்கள். எனக்கும் பெருமைதான். அங்கே முதலாளி வீட்டில் மிஞ்சிய சோறும் இனிப்பும்தான் என் சாப்பாடு என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

தோட்டத்து டிஸ்பென்சரியில் நர்ஸம்மா என்னை நிறுத்துப் பார்த்தார். "போறப்ப அறுபது கிலோ, இப்ப எண்பத்திரண்டு. இரத்தத்துல சீனியும் கூடியிருக்கு. உடம்பைக் குறைங்க" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஊர்க்கண் பட்டுவிட்டதென்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட வைத்தேன்.

மறுநாள், முன்பு என்னோடு கொழுந்து பறித்த லெட்சுமியைப் பார்க்க மலைக்கு ஏறினேன். பாதிப் படியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். கொழுந்து மூட்டையோடு இறங்கி வந்தவள் அதைப் போட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். நர்ஸம்மா சொன்னதை அவளிடம் மறைக்க முடியவில்லை.

"இருபத்திரண்டு கிலோவா? எங்க ஒரு நாள் கொழுந்துடி அது! நாங்க தராசுல இறக்கி வச்சிட்டு வீட்டுக்குப் போறோம். நீ தூங்குறப்பவும் சுமக்குறியே!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெச்சியவர்களில் ஒருவரும் அதை என்னோடு சுமக்கவில்லையே.

அன்றே பிளேன்டீக்குச் சீனி போடுவதை நிறுத்தினேன். அடுத்த வாரம், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டுக்குப் போய், மறுபடியும் வேலைக்குப் பெயர் கொடுத்தேன். இப்போது கொழுந்து நிறுக்கும் இடத்தில் லெட்சுமி அடிக்கடி கேட்பாள்: "இன்னும் எவ்வளவுடி இருக்கு?"

நேற்று சொன்னேன்: "பதினேழு. இறக்காம விட மாட்டேன்."