குழாய் மாப்பிள்ளையும் ஆபீஸ் மாப்பிள்ளையும்

என் வீட்டுக்காரரைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை. அதனால் நானே எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடமாகக் குழாய் வேலை பார்க்கிறார். ஆள் குள்ளம், அகலமான தோள், இடது கைக் கட்டைவிரல் நகம் எப்போதும் கறுத்தே இருக்கும். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் ஆட்களைப் பார்க்க மாட்டார், சுவரைப் பார்ப்பார். பைப் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்த பிறகுதான் "சௌக்கியமா?" என்பார். கோபம் வந்தால் கத்துகிற பழக்கம் இல்லை, சோற்றைக் குறைத்துக்கொள்வார். அவரிடம் உள்ள ஒரே கெட்ட குணம் பொறாமை. அதுவும் ஊரில் எல்லார் மேலும் இல்லை, என் தங்கை வீட்டுக்காரர் ஒருவர் மேல் மட்டும்.

எங்கள் கல்யாணத்தில் என் சொந்தக்காரர்கள் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மா மட்டும் 'குழாய் மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. இவர் காதிலும் விழுந்தது. இவர் இரண்டு நாள் அரை வயிறு சாப்பிட்டார்.

அப்போது அம்மா வீட்டுக் குளியலறையில் குழாயே கிடையாது. கொல்லையில் ஒரு குழாய், தெருவிலிருந்து நேராக வருவது. அதில் பிடித்து, வாளி வாளியாக உள்ளே தூக்க வேண்டும். அப்பா போன பிறகு அம்மா பள்ளிச் சீருடை தைத்து எங்களை வளர்த்தாள்; மெஷினை மிதித்து மிதித்து முழங்கால் அப்போதே தேய்ந்திருந்தது. கல்யாணமான முதல் வருடம், மூன்று ஞாயிற்றுக்கிழமை இவர் தனி ஆளாக மொட்டை மாடியில் தொட்டி ஏற்றி, பைப் இறக்கி, குளியலறைக்கும் சமையலறைக்கும் தண்ணீர் கொண்டுவந்தார். குளியலறை ஷவரை முதன்முதலாகத் திறந்தபோது அம்மா கட்டிய புடவையோடு அதன் அடியில் போய் நின்றுவிட்டாள். அன்றிலிருந்து ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி இவருக்குத்தான். வேறு யாராவது உட்கார்ந்தால் அம்மா, "கொஞ்சம் நகருங்க, பெரிய மாப்பிள்ளை வர்ற நேரம்" என்பாள்.

எட்டு வருடம் இப்படி ராஜாவாக இருந்தவருக்கு ஒரு சகலை வந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலை, இஸ்திரி கலையாத சட்டை. அதையெல்லாம் இவர் பொறுத்துக்கொண்டார். ஆபீஸ் வேறு, குழாய் வேறு. ஆனால் போன வருடம் அந்த மனிதர் ஒரு டிரில் மெஷின் வாங்கினார். கூடவே ஒரு பெட்டி நிறைய ஸ்பேனர். செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்ய ஆரம்பித்தார். அம்மா வீட்டு சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்ததை ஒரு நாள் அவரே சரிசெய்துவிட்டார்.

"ஆபீஸ் போற மாப்பிள்ளை, பாரேன், குழாயும் பாக்குறார்" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்னாள். அது என் தங்கை வாயால் எங்கள் வீட்டுக்கு வந்தது.

"என்ன வாஷர் போட்டாராம்?" என்று இவர் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்?"

"ரப்பரா, நைலானா?"

"தெரியலைங்க."

"ரப்பராத்தான் இருக்கும். மூணு மாசம் தாங்காது." அன்று சோறு பாதிதான் இறங்கியது. மூன்று மாதம் ஆயிற்று, நான்கும் ஆயிற்று. அந்தக் குழாய் சொட்டவே இல்லை. அம்மா வீட்டிலிருந்து இவருக்கு ஒரு அழைப்பும் இல்லை.

என்னையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தங்கை மேல் சின்ன வயதிலிருந்தே வயிற்றெரிச்சல். பரீட்சையில் மார்க் குறைந்தால் எனக்கு அடி, அவளுக்கு ஆறுதல். இப்போது தொலைபேசியில், "இவருக்கு எல்லாமே தெரியும்க்கா" என்பாள். அந்த 'எல்லாமே'யைச் சொல்லும்போது ஒரு இழுப்பு இழுப்பாள் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அம்மா வீட்டில் கூடியிருந்தோம். ஆபீஸ் மாப்பிள்ளை கூடத்துச் சுவரில் ஓட்டை போட்டு அலமாரி மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா சுவர்த்தூசு விழாமல் ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். இவர் ஃபேனுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், ஃபேனைத்தான் தூசுக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்தார். "டேங்க் மூடி சரியா இருக்கான்னு பாத்துட்டு வர்றேன்" என்று எழுந்து மாடிக்குப் போனார்.

இறங்கி வந்தபோது உள்ளங்கை முழுக்கத் துருவும் கறுப்பு மசியும். தொட்டி மூடி பிளாஸ்டிக். அதில் ஏது துரு? தொட்டிக்குக் கீழே இருக்கும் வால்வின் சக்கரத்தைத் தொட்டால்தான் கை அப்படி ஆகும். வீட்டுக்குள் இறங்கும் தண்ணீர் முழுக்க அந்த ஒரு வால்வு வழியாகத்தான் போகிறது. எனக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் மெலிந்தால் ஆபீஸ் மாப்பிள்ளை திணறுவார், பிறகு அழைப்பு இங்கேதான் வந்தாக வேண்டும். சோப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அது இனித்தது.

அப்புறம் காத்திருந்தோம். இவர் தொலைபேசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டார். அம்மா கூப்பிடவில்லை. தங்கை கூப்பிட்டாள்.

"அம்மா வீட்டுல தண்ணி நூல் மாதிரி வருதுக்கா. இவரு ஷவரைக் கழட்டி வினிகர்ல ஊறப்போட்டிருக்காரு. ஓட்டையெல்லாம் உப்பு அடைச்சிருக்காம்."

அடுத்த வாரம் புது ஷவர் வாங்கி மாட்டினாராம். அதற்கடுத்த வாரம் குழாய் வாயில் இருக்கும் சல்லடையைக் கழற்றி ஊசியால் குத்தினாராம். இவர் கேட்டுக் கேட்டுச் சிரித்தார். "ஒரு குழாய் மட்டும் மெலிசா வந்தா அந்தக் குழாய்ல கோளாறு. எல்லாமே மெலிசா வந்தா மேலே கோளாறு. இதைக் கூடக் கேக்கத் தெரியாம வினிகராம், வினிகர்!" அந்த நாட்களில் நன்றாகச் சாப்பிட்டார்.

நான்காவது வாரம் தங்கை சொன்னாள்: "மோட்டார் வெச்சு அழுத்தம் ஏத்தணுங்கிறாரு. பழைய பைப்பை மாத்தணுங்கிறாரு. அம்மா ஒத்துக்க மாட்டேங்கிறா. மாடிப் பக்கம் கையே வைக்கக் கூடாதாம்."

"உங்களைக் கூப்பிடச் சொல்லவா?" என்று இவரிடம் கேட்டேன்.

"அவங்களா கூப்பிடட்டும்" என்றார். அவர் சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. வீம்பு எங்கள் இரண்டு பேருக்கும் பொதுச் சொத்து.

ஐந்தாவது வாரம் அம்மாவுக்குத் தோள் வலி என்று கேள்விப்பட்டுக் கிளம்பிப் போனோம். காலை பத்து மணி இருக்கும். வாசல் கதவு திறந்திருந்தது. உள்ளே போனால், கொல்லைப் பக்கத்திலிருந்து அம்மா வந்துகொண்டிருந்தாள். வலது கையில் நிரம்பிய வாளி. இடது கை சுவரைப் பிடித்திருந்தது. ஒரு அடி வைத்து, வாளியைக் கீழே வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கி இன்னொரு அடி. எங்களைப் பார்த்ததும் வாளியை விட்டுவிட்டு, "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க" என்று ஃபேனைப் போட்டாள்.

இவர் உட்காரவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் எலிவால் கூட இல்லை. சொட்டுக்கும் நூலுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. முகம் செத்துப்போய் வெளியே வந்து நேராக மாடிக்கு ஓடினார். நான் பின்னால் போனேன்.

வால்வுச் சக்கரத்தைத் திருகினார். அது பம்பரமாகச் சுற்றியது.

"தண்ணியை அடைக்கிற தகடு உள்ள கழண்டு விழுந்துடுச்சு" என்றார். "உனக்குத்தான் தெரியுமே. நான் ரெண்டு சுத்துதான் மூடினேன். சத்தியமா ரெண்டே சுத்து. பழைய வால்வு, இறுக்கமா இருந்துச்சு, அழுத்தித் திருகினேன். அப்பவே உள்ள ஆணி உடைஞ்சிருக்கணும். தகடு தன்னால இறங்கி முழுசா அடைச்சிருக்கு."

ஆப்பு அசைத்த குரங்கு கதைதான். பல்லைக் கடித்துக்கொண்டு, எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போகும் வேலைப் பையைத் திறந்தார். தொட்டியை அடைத்து, பைப்பை இரண்டு பக்கமும் கழற்றிக்கொண்டிருந்தபோது படியில் காலடிச் சத்தம். அம்மாவைப் பார்க்க வந்த தங்கை வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால் அம்மா, ஒவ்வொரு படியாக முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

"வால்வை நானும் தொடாம பாத்தேன் சகலை" என்றார் அவர். "மூடின மாதிரியே தெரியலை."

"சக்கரத்தைப் பாத்தாத் தெரியாது. தகடு உள்ள தனியா விழுந்து கிடக்கு" என்றார் இவர். கழற்றிய வால்வைத் தலைகீழாகத் தட்டினார். பித்தளைத் தகடு உள்ளங்கையில் விழுந்தது.

ஆபீஸ் மாப்பிள்ளை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆள் ஒன்றும் முட்டாள் இல்லை. "திறந்தே கிடந்த வால்வுதானே? யாராச்சும் திருகினாத்தானே இப்படி உடையும்? யாரு திருகினது?"

நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். பழசு, துருப்பிடித்தது, தானாகவே விழுந்துவிட்டது. குழாய்க்காரர் பெண்டாட்டி சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"பெரிய மாப்பிள்ளைதான் மூடினார்" என்றாள். "அலமாரி மாட்டின அன்னிக்கு, காகிதத்தைக் கீழ வெச்சுட்டு நான் துணி எடுக்க மாடிக்கு வந்தேன். திருகிட்டு இருந்தார். வேலை செய்யறப்போ பேச்சு குடுக்கக் கூடாதுன்னு அப்படியே இறங்கிட்டேன்."

இவர் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது.

"அதான் உங்களைத் தொடக் கூடாதுன்னு சொன்னேன்" என்று அம்மா சின்ன மாப்பிள்ளையிடம் சொன்னாள். "அவர் போட்ட லைன். அவர் மூடினா அதுக்கு ஏதாச்சும் காரணம் இருக்கும். வேலை முடிஞ்சதும் அவரே வந்து திறப்பார்னு இருந்தேன். அவருக்கு என்ன வேலையோ, நடுவுல கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணுவானேன்?"

ஐந்து வாரம். ஒரு நாளைக்குப் பத்து வாளி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். இவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"காரணம் ஒண்ணும் இல்லை அத்தை" என்றார். "பொறாமை. சகலை எல்லாத்தையும் சரி பண்றாரு, இனிமே என்னை யாரு கூப்பிடப் போறாங்கன்னு. தண்ணி கொறைஞ்சா கூப்பிடுவீங்கன்னு மூடினேன்."

ஆபீஸ் மாப்பிள்ளை தகட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெல்ல, "என்னை இந்த வீட்டுல ஒரு ஸ்குரூ தொட விடறதுக்குள்ள உயிர் போகுது. 'பெரிய மாப்பிள்ளையைக் கேட்டுட்டுச் செய்யுங்க'ன்னுதான் எப்பவும். உங்களுக்குப் பொறாமையா?" என்றார். சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை.

இவர் அத்தையின் முகத்தையே பார்த்திருந்தார். அம்மா தோளைத் தேய்த்துக்கொண்டாள்.

"முன்னாடியே சொல்லியிருந்தா சின்ன வாளியா எடுத்திருப்பேன்" என்றாள். பிறகு, "புதுசு மாட்டுங்க மாப்பிள்ளை. சாயங்காலத்துக்குள்ள நான் குளிக்கணும்" என்று படி இறங்கத் திரும்பினாள்.

இவர் அழுதார். நான் பார்த்ததில்லை, அதற்கு முன்னும் பின்னும். சகலைதான் அந்தப் பையிலிருந்த புது வால்வைப் பிரித்து, வெள்ளை டேப்பைச் சுற்றி, அவர் கையில் கொடுத்தார். இரண்டு பேருமாக மாட்டினார்கள். எனக்கும் தெரியும் என்பதை இவர் கடைசிவரை சொல்லவில்லை. பழியை முழுக்கத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

நான் அம்மாவின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். கூடத்தில் அவள் விட்டுவிட்டு வந்த வாளி வழியிலேயே நின்றது. அம்மா நாற்காலியில் சாய்ந்து, என் கன்னத்தைத் தட்டினாள்.

"நல்ல மனுஷன்டி. மனசுல ஒண்ணை வெச்சுக்கத் தெரியல. உன்னை மாதிரியேதான்."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். வாளியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.