மூளியாக நின்ற கண்ணாடி

இட்டெர்பியம் என்ற அருமண் தனிமத்துக்கு வீறாப்பு ரொம்பத்தான் ஜாஸ்தி. பச்சை ஒளியில் தனக்குப் பிடித்த நிறம் இம்மி பிசகினாலும் அதன் அணு திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த மெல்லிய நிறக்கோட்டை லேசரால் அளந்து காட்டினால்தான் இசைவாணிக்கு முனைவர் பட்டம். மணலூர்பேட்டைப் பக்கம் களை பறிக்கும் செல்லியம்மாளின் மகள் அவள். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் ஆய்வு மாணவி. லேசரோ பெங்களூரிலிருந்து இரவல். வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

ஆயுதபூஜைக்கு முந்தின நாள் கோடு தெரிந்தது. திரையில் அகன்ற பள்ளம், அதன் நடுவே ஊசி குத்தியதுபோல் ஒரு முனை; அதுதான் அவள் தேடிய கோடு. குதித்தாள். பதிவு செய்வதற்குள் கரண்ட் போய்த் தொலைந்தது. போகட்டும், பூஜை முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மறுநாள் அம்மாவையும் கல்லூரிப் பூஜைக்குக் கூட்டி வந்தாள்.

அதற்கப்புறம்தான் கூத்து. பள்ளம் வருகிறது, முனையைக் காணோம்! இட்டெர்பியத்தை ஆவியாக்கும் உலையின் சூட்டைக் கூட்டினாள், குறைத்தாள், லேசரைத் திருகினாள்.

“அன்னிக்கி நெஜமாவே பாத்தியாம்மா?” என்று ஆய்வக உதவியாளர் சின்னக்கண்ணு கேட்டதற்கு, அவர் மேல் எரிந்து விழுந்தாள்.

எதிரெதிராக இரண்டு கதிர்கள் போனால்தான் முனை தெரியும். இரண்டாவது கதிரைத் திருப்பிவிடும் கண்ணாடி ஒரு மூடிக்குள் இருந்தது. தூசி படுமே என்று அதை அவள் திறக்கவேயில்லை. வெள்ளிக்கிழமை மதியம் வேறு வழியில்லாமல் திறந்தாள். கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம்!

ஆத்திரம் கண்ணை மறைத்தது. துப்பட்டாவால் பரபரவென்று தேய்த்தாள். காய்ந்த சந்தனம் மண்ணாக நறநறத்து, கண்ணாடிப் பூச்செல்லாம் கீறல். இதைத் துணியால் தொடவே கூடாது, திரவம் விட்டுத்தான் கழுவ வேண்டும் என்பது அவள் முதல் நாளே படித்த பாடம். மாற்றுக் கண்ணாடியும் கிடையாது.

அம்மாவுக்குப் போன் போட்டுக் கத்தினாள். “நீயாம்மா பொட்டு வச்ச?”

“ஆமாண்டி. எல்லாத்துக்கும் வச்சாங்க. மூடியத் தூக்கிப் பாத்தா, அது மட்டும் உள்ள மூளியா நின்னுகினு இருந்திச்சி. உன் சாமானாச்சே, எனக்கு மனசு கேக்கல.”

“என் ரெண்டு வருசமும் மண்ணாப் போச்சேம்மா!”

செல்லியம்மாள் பதறிப்போனாள். “இன்னாடி சொல்ற? இப்பவே பஸ் ஏறி வரேன். நான் வச்சத நானே தொடச்சிக் குடுத்துடறேன்.”

லேசரைப் பெட்டியில் அடைக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். இசைவாணி அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.

“வராதம்மா. நீ வச்சதால கெடல. நான் தொடச்சதுலதான் கெட்டுப்போச்சி.”